சைத்தூன் நகரில் எதிர்பாராத இரண்டு நாட்கள்

 

வணிகத்தின் பொருட்டு வெளிநாடு செல்பவனுக்கு விடுமுறை நாளைப் போன்ற பெருஞ்சுமை வேறொன்றில்லை. வேலை நடக்கும் நாட்களில் பொழுது போவதே தெரியாது. வேலையில்லாத நாளிலோ, விடுதி அறையின் நான்கு சுவர்களும் நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படியொரு சுமை சென்ற பயணத்தில் என் தலைமேல் வந்து விழுந்தது. அதை நான் எத்துணை வெறுப்போடு ஏற்றுக்கொண்டேன் என்பதையும், அது எனக்கு என்ன கொடுத்தது என்பதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஆம்பூரிலுள்ள காலணித் தொழிற்சாலை ஒன்றுக்கு இயந்திரங்கள் வாங்கித் தரும் பொறுப்பில் இருப்பவன் நான். ஷூக்களுக்கு அடிப்பாகம் ஒட்டும் இயந்திரம் ஒன்றை நேரில் பார்த்து முடிவு செய்வதற்காகச் சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்திலுள்ள ஜின்ஜியாங் என்னும் ஊருக்குச் சென்றிருந்தேன். உலகம் அணியும் விளையாட்டுக் காலணிகளில் பெரும்பங்கு உருவாகும் வட்டாரம் அது. கோலாலம்பூர் வழியாக ஷியாமன் சென்று, அங்கிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பயணம்.

வெள்ளிக்கிழமை காலை இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. போய் நின்றால், முக்கியமான உதிரிப் பாகம் ஒன்று வந்து சேரவில்லையாம். “திங்கட்கிழமை வாருங்கள்” என்று சிரித்த முகத்துடன் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த சினத்தை என்னவென்று சொல்ல! வீட்டை விட்டுப் புறப்படும்போதே மனம் சரியில்லை. கனடாவில் வசிக்கும் என் மகனுடன் மூன்று வாரங்களுக்கு முன் தொலைபேசியில் கடுமையாகப் பேசியிருந்தேன். ஏழு வயதுப் பேரனிடம் நான் தமிழில் கேட்ட எளிய கேள்விக்கு அவன் விழித்தான். ஆங்கிலத்தில் தன் தந்தையிடம் பொருள் கேட்டான். “மொழியை விட்டாய், நாளை மார்க்கத்தையும் விடுவாய். உன் பிள்ளைகளுக்கு நம் வீட்டின் எதுதான் மிஞ்சப் போகிறது?” என்று வார்த்தையைக் கொட்டிவிட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அதன்பின் அழைக்கவுமில்லை. அந்த மௌனத்தைச் சுமந்துகொண்டு இரண்டு நாட்கள் விடுதியில் முடங்கிக் கிடப்பதை நினைக்கவே அச்சமாக இருந்தது.

எனக்கு மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டிருந்த இளைஞர்தான் மெல்லச் சொன்னார்: “இன்று உங்களுக்குப் பெரிய தொழுகை நாள் அல்லவா? அரைமணி நேரத் தொலைவில் ஆயிரம் ஆண்டுப் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது.”

என் வாழ்வில் இவ்வளவு இனிய வழிகாட்டுதலை நான் இதற்குமுன் பெற்றதில்லை.

வானமே கூரையான பள்ளிவாசல்

அந்த நகரின் பெயர் குவான்சௌ. இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் ‘சைத்தூன்’ என்று சொன்னால் வரலாறு படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகம் அது. 1340களில் அங்கு வந்த இப்னு பதூதா, ஏறத்தாழ நூறு பெருங்கலங்களை அத்துறைமுகத்தில் கண்டதாகவும், சிறு கலங்களுக்குக் கணக்கே இல்லை என்றும் குறித்துள்ளார். அதே இப்னு பதூதா சீனம் செல்லுமுன் நம் மதுரைக்கும் வந்தவர். அப்போது மஃபரை ஆண்ட சுல்தானுக்குச் சகலை முறையானவர் என்பது நினைவுகூரத் தக்கது.

அரபு மொழியில் ‘சைத்தூன்’ என்றால் ஒலிவமரம். ஆனால் அவ்வூரில் ஒலிவமரமே இல்லை என்று இப்னு பதூதாவே எழுதிவைத்திருக்கிறார். பின் எப்படி வந்தது அப்பெயர்? நகரைச் சுற்றி ஒரு காலத்தில் செம்பூப் பூக்கும் ஒருவகை மரத்தை நட்டிருந்தார்கள். சீனர் அதைச் ‘சித்தோங்’ என்பர். அதுவே அரபு வணிகர்களின் நாவில் ‘சைத்தூன்’ ஆயிற்று என்பர் ஆய்வாளர். அந்த மரத்தைத் தெருவோரத்தில் கண்டதும் நான் நின்றுவிட்டேன். நம் வீட்டுக் கொல்லைப்புற வேலியில் நிற்கும் கலியாண முருங்கையேதான்! சளிக்கு மருந்தென்று என் உம்மா இலை பறித்து அடை சுட்டுக் கொடுத்த அதே மரம், ஒரு பேரரசின் துறைமுகத்திற்கே பெயர் கொடுத்திருக்கிறது.

பள்ளிவாசலின் பெயர் சிங்ஜிங். ஹிஜ்ரி 400இல், அதாவது 1009-10இல் கட்டப்பட்டு, ஹிஜ்ரி 710இல் ஷீராஸைச் சேர்ந்த அஹ்மத் இப்னு முஹம்மத் என்பவரால் புதுப்பிக்கப்பட்டது என்று அதன் நுழைவாயில் சுவரிலுள்ள அரபுக் கல்வெட்டே கூறுகிறது. சீனப் பள்ளிவாசல்கள் பலவும் மரத்தால், வளைந்த ஓட்டுக் கூரையுடன், அந்நாட்டுக் கோவில்களைப் போன்றே காட்சி தரும். இதுவோ முற்றிலும் கருங்கல். உயர்ந்த வளைவு வாயிலினுள் ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள். உள்ளே நுழைந்து தொழுகைக் கூடத்தை நோக்கினால், சுவர்கள் இருக்கின்றன, கூரை இல்லை! பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட நில அதிர்ச்சியில் கூரை விழுந்துவிட்டது. அதன்பின் அது மீண்டும் எழுப்பப்படவில்லை. சுவரில் இறைவசனங்கள் அப்படியே நிற்கின்றன, தூண்களின் அடிப்பீடங்களுக்கிடையே புல் முளைத்திருக்கிறது, மேலே வானம்.

ஜும்ஆத் தொழுகை பக்கத்திலுள்ள வேறொரு கூடத்தில் நடைபெற்றது. வடமேற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சீன முஸ்லிம்கள், அரபு நாட்டு வணிகர்கள், ஆப்பிரிக்க மாணவர்கள் என்று வரிசைகள் நிறைந்தன. சீன மொழியில் நிகழ்ந்த உரையில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் குத்பாவின் அரபுச் சொற்கள் தொடங்கியதும், தொலைந்த பிள்ளை வீட்டுத் திண்ணையைக் கண்டதுபோல் மனம் அமைதியடைந்தது. இங்கே ஒரு வேடிக்கை. நான் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவன். இமாம் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் எங்களூர் வழக்கப்படி உரக்க ‘ஆமீன்’ என்றேன். கூடம் முழுவதும் என் குரல் மட்டுமே ஒலித்தது! சீன முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள்; மெதுவாகச் சொல்பவர்கள். தொழுகை முடிந்ததும் அருகிலிருந்த பெரியவர் என் கையைப் பற்றி ஸலாம் கூறிச் சிரித்தார். அச்சிரிப்பில் கேலியில்லை, விருந்தினனை அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சியே இருந்தது.

வளாகத்தில் 1407ஆம் ஆண்டின் கல் ஒன்று நிற்கிறது. முஸ்லிம்களை எவரும் துன்புறுத்தலாகாது என்று மிங் பேரரசர் யோங்லெ பிறப்பித்த ஆணை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன்முன் நெடுநேரம் நின்றேன்.

தே என்றாலும் சா என்றாலும்

வெளியே வந்ததும் பசி. பச்சை நிறப் பெயர்ப்பலகையில் ‘சிங்ஜென்’ என்ற இரண்டு சீன எழுத்துகளைக் காட்டி, “இது உங்களுக்கு ஆகுமான உணவு என்பதற்கு அடையாளம்” என்றார் மொழிபெயர்ப்பாளர். உள்ளே, தொப்பி அணிந்த இளைஞர் ஒருவர் மாவுருண்டையை இழுத்து, மடித்து, மீண்டும் இழுத்து, நம் கண்ணெதிரிலேயே நூலிழைகளாக்கிக் கொதிநீரில் போட்டார். எங்களூர்ப் பரோட்டாக் கடைக்காரரின் கைவேகத்தை அங்கே கண்டேன். மாட்டிறைச்சிச் சாற்றில் மிதந்த அந்த நூலுணவு ஒரு பெரிய கிண்ணம் நிறைய வந்தது. அக்கடற்கரையின் புகழ்பெற்ற சிப்பி முட்டை அடையைத்தான் சுவைக்க இயலவில்லை. சிப்பி எங்கள் மத்ஹபில் ஆகுமானதே. ஆனால் அதைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது அங்கே மரபு. மணத்தை மட்டும் நுகர்ந்துவிட்டு நகர்ந்தேன்.

பின்னர் ஒரு தேநீர்க் கடை. குவான்சௌ எல்லைக்குட்பட்ட ஆன்ஷி மலைப்பகுதியில் விளையும் ‘தியெகுவான்யின்’ இலை உலகப் புகழ் பெற்றது. முட்டை ஓட்டளவுச் சிறு கிண்ணங்களில் ஊற்றித் தருகிறார்கள். பாலில்லை; சீனியில்லை. முதல் வடிப்பைக் கிண்ணங்கள் மீதே ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். அதன்பின் அதே இலையில் ஏழெட்டு முறை வடிக்கிறார்கள். ஒவ்வொரு வடிப்புக்கும் ஒவ்வொரு மணம்.

கடைக்கார அம்மையார் தேநீரைத் தம் வட்டார மொழியில் ‘தே’ என்றார். மொழிபெயர்ப்பாளர் பொதுச் சீன மொழியில் ‘சா’ என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. இவ்வட்டாரத்துத் ‘தே’தான் கப்பலேறி ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. ‘சா’ என்பது தரைவழியாகப் பாரசீகத்திற்கும் அரபு நாடுகளுக்கும் சென்று ‘சாய்’, ‘ஷாய்’ ஆயிற்று. நம் தமிழிலோ இரண்டுமே உள்ளன! ஏட்டில் ‘தேநீர்’ என்று எழுதுகிறோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘ஒரு சாயா கொண்டா’ என்பார்கள். உலகத்தைச் சுற்றி வந்த இரண்டு சொற்களும் நம் அடுக்களையில் சந்தித்துக்கொண்டன. அதில் போடும் சீனிக்கும் சீனத்தின் பெயர்தானே!

அடக்கத்தலங்களும் அசையும் பாறையும்

சனிக்கிழமை காலை லிங்ஷான் குன்றுக்குச் சென்றோம். நகருக்குக் கிழக்கே மரங்கள் அடர்ந்த சரிவில், கல் தூண்களாலான ஒரு வளைந்த மண்டபத்தினுள் இரண்டு அடக்கத்தலங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே இஸ்லாத்தை எடுத்துச் சொல்ல வந்த இருவர் அங்கே துயில்கின்றனர் என்பது அவ்வூர் முஸ்லிம்களின் நெடுநாள் நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் காலத்தைப் பற்றி வேறுபடுகின்றனர். ஆனால் பதினான்காம் நூற்றாண்டிலேயே அவ்விடம் பழம்பெருமை வாய்ந்ததாகக் கருதப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டதை அங்குள்ள அரபுக் கல்வெட்டு காட்டுகிறது.

அதனருகே இன்னொரு கல். 1417இல் கடற்படைத் தலைவர் செங் ஹோ தம் ஐந்தாம் கடற்பயணத்திற்கு முன் இங்கு வந்து சென்றதைக் கூறுவது அது. செங் ஹோ யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இலங்கையின் காலி நகரில் விட்டுச்சென்ற 1409ஆம் ஆண்டின் கல்வெட்டு சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. இந்து மாக்கடலில் வணிகம் செய்ய விரும்பியவன் எந்தெந்த மொழிகளில் பேச வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

அக்குன்றில் பெரும்பாறை ஒன்று உள்ளது. காற்றடித்தால் அசையும் என்பதால் அதைக் ‘காற்றசைப் பாறை’ என்கிறார்கள். ஒரு சிறுவன் தன் முழு வலிமையையும் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் பாட்டனார் பாறையின் அடியில் ஒரு குச்சியைச் செருகி, அது வளைவதைக் காட்டிக் கைதட்டினார். என்னையும் அழைத்தார்கள். நானும் தள்ளினேன். குச்சி வளைந்தது! அறுபதை நெருங்கும் நான் அச்சிறுவனோடு சேர்ந்து ஆர்ப்பரித்தேன். மறுகணமே என் பேரனின் முகம் கண்ணெதிரே வந்து நின்றது. அச்சிறுவனுக்கும் எனக்கும் இடையே ஒரு மொழியும் பொதுவாக இல்லை. ஆயினும் நாங்கள் பேசிக்கொண்டுதானே இருந்தோம்?

அன்று பிற்பகல் கடல்சார் அருங்காட்சியகத்தில் கழிந்தது. மண்ணிலிருந்தும், இடித்த நகர மதிலின் கற்களிலிருந்தும் மீட்கப்பட்ட பழைய மீசான் கற்கள் வரிசை வரிசையாக அங்கே உள்ளன. அரபு எழுத்தில் பெயரும் ஊரும் இறந்த நாளும். பாரசீகத்திலிருந்து வந்தவர், யமனிலிருந்து வந்தவர் என்று எத்தனையோ பேர். கடல் கடந்து வணிகத்திற்கு வந்து, திரும்பாமலே போனவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எத்தனை ஆண்டுகள் கரையைப் பார்த்துக் காத்திருந்தார்களோ!

நம் கரையிலிருந்து சென்றவரும் உண்டு. பாண்டிய நாட்டு அரசவையில் உயர்ந்த பொறுப்பிலிருந்த முஸ்லிம் ஒருவர் 1291ஆம் ஆண்டளவில் சீனம் சென்று குடியேறினார். குப்லாய் கான் அவருக்குக் கொரிய நாட்டுப் பெண் ஒருவரை மணமுடித்து வைத்தார். 1299இல் அவர் அந்நாட்டிலேயே மறைந்தார் என்று சீன ஏடுகள் கூறுகின்றன. அவர்தம் பிள்ளைகள் எந்த மொழி பேசியிருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

முஸ்லிம்கள் மட்டுமல்லர், தமிழ் வணிகர் பலரும் அங்கே வாழ்ந்தனர். 1281ஆம் ஆண்டில் சிவன் கோவிலுக்காகப் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு இந்நகரில் கிடைத்துள்ளது. காய்யுவான் பௌத்தப் பெருங்கோவிலின் பின்புறத்தில் இரண்டு தூண்கள். அவற்றில் முதலை பிடித்த யானையும், கண்ணனின் லீலைகளும் நம் நாட்டுச் சிற்பமுறையில் செதுக்கப்பட்டுள்ளன. சிதைந்த கோவிலின் தூண்களைச் சீனர் தூக்கியெறியாமல் தங்கள் கோவிலில் நிறுத்திக்கொண்டார்கள். அதே வளாகத்தில், 1974இல் துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலும் உள்ளது. எஞ்சிய உடல் 24 மீட்டர் நீளம். உள்ளே 13 அறைகள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை மூழ்காதபடி தடுப்புகள். நறுமணக் கட்டைகளும் மிளகும் பாக்கும் சோழியும் அதிலிருந்து கிடைத்தன. இவற்றையெல்லாம் கருதியே 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

கொண்டையில் மல்லிகை

ஞாயிறு காலை, ஷுன்பு என்னும் மீனவக் கிராமம். வாசகிகளே, இப்பகுதி உங்களுக்காகவே.

அவ்வூர்ப் பெண்கள் தலைமுடியைப் பின்னால் கொண்டையாக முடிந்து, அதைச் சுற்றி மலர்ச்சரத்தை வட்ட வட்டமாக அணிகிறார்கள். மல்லிகை மொட்டு, செவ்வந்தி, பருவத்திற்கேற்ற பிற பூக்கள். எழுபது வயது மூதாட்டி சிப்பியை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தலையிலும் பூ! கடலுக்குப் போகும் நாளிலும் பூ, கலியாணத்திலும் பூ. அரபு வணிகர் குடும்பங்கள் கப்பலில் கொண்டுவந்த மல்லிகையிலிருந்து தொடங்கிய வழக்கம் இது என்று ஊரார் நம்புகின்றனர். இன்று சீனமெங்குமிருந்து இளம்பெண்கள் வந்து, கட்டணம் செலுத்தி, பூச்சூடிப் படமெடுத்துச் செல்கிறார்கள். தெருவே ஒரு பூச்சந்தைபோல் மணக்கிறது.

வீட்டுச் சுவர்களோ சிப்பி ஓடுகளால் ஆனவை. மீன் செதிலைப்போல அடுக்கடுக்காகப் பதித்த பெரிய ஓடுகள். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல் தள்ளாடாமலிருக்க, அயல்நாட்டுக் கரைகளிலிருந்து அள்ளிப்போட்டு வந்த ஓடுகள் இவை என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அவை அசைவதில்லை.

சிப்பியின் இன்னொரு பயனை லோயாங் பாலத்தில் கண்டேன். கடல் வாயிலில், முக்கால் கிலோமீட்டர் நீளத்தில், 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட கற்பாலம் அது. அடித்தளக் கற்களை ஓதம் பெயர்த்துவிடாமலிருக்க, உயிருள்ள சிப்பிகளை அக்கற்களின்மேல் வளர்த்தார்கள். சிப்பிகள் கல்லோடு கல்லைப் பிணைத்துக்கொண்டன. எவரும் காணாதபடி நீருக்கடியில் ஒட்டிக்கொண்ட சிற்றுயிர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பாலத்தைத் தாங்கி வருகின்றன.

‘தீன்’ என்ற ஈற்றெழுத்து

மாலையில் ஜின்ஜியாங் திரும்பும் வழியில், மொழிபெயர்ப்பாளர் சற்றே தயங்கி, “என் பிறந்த ஊர் சென்தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் குலமண்டபத்தைப் பார்க்கிறீர்களா?” என்று கேட்டார். ஷூத் தொழிற்சாலைகள் நெருங்கிய ஊர் சென்தாய். நடுவே ஒரு பழைய மண்டபம். சுற்றிலும் கட்டடம், நடுவில் ஒரு கூடம். மேலிருந்து பார்த்தால் பெரிய சதுரத்திற்குள் சிறிய சதுரம். சீன எழுத்தில் அவ்வடிவம் ‘ஹுய்’ என்று படிக்கப்படும். சீன முஸ்லிம்களைக் குறிக்கும் சொல்லும் அதுவே!

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். மூன்று நாட்களாக உடன் வந்தவர். பள்ளிவாசலின் வாசலில் வெளியே நின்றவர்.

அவர் சொன்னார். அவர்தம் குலப்பெயர் ‘திங்’. அவ்வூரில் அக்குலத்தவர் ஏறத்தாழ 20,000 பேர். அயல்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் முன்னோர் ஒருவரின் பெயரில் ஈற்றாக நின்ற ‘தீன்’ என்பதே ‘திங்’ ஆயிற்று என்பது குலவரலாறு. ஜமாலுத்தீன், ஷம்சுத்தீன் என்று நாம் வைக்கும் பெயர்களின் அதே ‘தீன்’! 1357 முதல் 1366 வரை குவான்சௌவில் நடந்த கலகத்திலும் அதன் பின்னான படுகொலையிலும் அயல்நாட்டவர் சிதறினர். உயிர் பிழைத்தோர் இப்படிப்பட்ட கடலோரச் சிற்றூர்களில் ஒதுங்கினர். பின்வந்த மிங் ஆட்சி கடல் வணிகத்தைத் தடைசெய்தது; வெளியுலகத் தொடர்பு அறுந்தது. தலைமுறைகள் உருள, தொழுகை போயிற்று, நோன்பு போயிற்று, உணவு விலக்கும் போயிற்று. 1979இல் அரசு இவர்களை ஹுய் இனத்தவராக ஏற்றது. ஆனால் இனத்தால் ஹுய் என்றபோதிலும் பெரும்பாலோர் மார்க்கத்தைப் பின்பற்றுவதில்லை.

“ஆனால் ஒன்று,” என்றார் அவர். “நாங்கள் மற்ற நாட்களில் எல்லாம் உண்போம். முன்னோர்க்குப் படையலிடும் நாளில் மட்டும் பன்றி இறைச்சி வைக்கமாட்டோம். என் பாட்டி அன்றைக்குப் பாத்திரங்களைப் புதிதாகத் தேய்த்துக் கழுவுவார். ஏன் என்று சிறுவயதில் கேட்டேன். ‘அவர்களுக்குப் பிடிக்காது’ என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.”

வாசகர்களே, எனக்குப் பேச்சு வரவில்லை. அறுநூறு ஆண்டுகள்! செல்வம் அழிந்தது, மொழி அழிந்தது, ஊர் நடுவே கருங்கல்லில் கட்டிய பள்ளிவாசலின் கூரையும் விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகள் அடுக்களையில் காத்த ஒரே ஒரு வழக்கம் மட்டும், காரணத்தையே மறந்த பின்னரும், நிற்கிறது. அதைக் கண்டு மகிழ்வதா, இவ்வளவுதானே மிஞ்சியது என்று அழுவதா? இரண்டும் ஒருசேர என் நெஞ்சை அடைத்தன. படையல் நம் வழக்கமன்று. அதை நான் அவரிடம் எடுத்துச் சொல்லவுமில்லை. விருந்தினனாக நின்றேன். அவர் ஊற்றித் தந்த தேநீரைப் பிஸ்மில்லாஹ் கூறிப் பருகினேன். அவர் அச்சொல்லைக் கூர்ந்து கேட்டு, மெதுவாகத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஒரு தொலைபேசி அழைப்பு

விடுதிக்குத் திரும்பியதும் மகனை அழைத்தேன். அங்கே காலை நேரம். நான் அறிவுரை ஏதும் கூறவில்லை; சிப்பிச் சுவரையும், அசையும் பாறையையும், நான் உரக்கச் சொன்ன ஆமீனையும் பற்றிச் சொன்னேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். பின்னர், “உங்கள் வீட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று நான் கேட்டது தவறு. என்ன இருக்கிறது என்று நீயே சொல், கேட்கிறேன்” என்றேன்.

சற்று நேரம் மௌனம். “வாப்பா, ரமளானில் ஒவ்வொரு நாளும் நான்தான் கஞ்சி காய்ச்சுகிறேன். உம்மா சொல்லித் தந்த பக்குவம். உங்கள் பேரன் பூண்டு உரித்துக் கொடுப்பான். அவனுக்குத் தமிழ் வராது. ஆனால் ‘கஞ்சி’ என்றுதான் சொல்வான். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று கேட்டார்களாம். கஞ்சிக்குக் கஞ்சிதான் பெயர் என்று சொல்லிவிட்டு வந்தான்.”

இதை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறையேனும் கேட்டேனா? இல்லை. போனதையெல்லாம் எண்ணிக் கணக்கிட்டேன், இருந்ததைக் கேட்கவில்லை. கஞ்சி மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாதுதான். சென்தாய் எனக்குக் காட்டியதும் அதுவே. காரணம் சொல்லாமல் கைமாறிய வழக்கம் வெறும் வழக்கமாகவே நின்றுவிடும். ஆகவே, காரணத்தைச் சொல்வது என் பொறுப்பு என்று மகனிடம் கூறினேன். இப்போது வாரம் ஒருநாள், இஷாவுக்குப் பின், என் பேரனுக்கு நான் கதை சொல்கிறேன். பாதி தமிழ், பாதி என் அரைகுறை ஆங்கிலம். முதல் கதை, கலியாண முருங்கையின் பெயரால் அழைக்கப்பட்ட துறைமுகத்தைப் பற்றியது. அவன் கேட்ட முதல் கேள்வி, “அந்தப் பாறையை நானும் தள்ளலாமா?”

திங்கட்கிழமை இயந்திரம் செவ்வனே ஓடியது, ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. அந்த உதிரிப் பாகம் தாமதமாக வந்ததற்காக நான் இன்றுவரை அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்திக்கொண்டிருக்கிறேன். வீடு திரும்பியதும் என் இல்லாள் பெட்டியைத் திறந்து, “சீனத்திலிருந்து எனக்கு என்ன?” என்றார். ஷுன்புவின் மூதாட்டி பூச்சூடி நிற்கும் படத்தையும், ஒரு பொட்டலம் தேயிலையையும் நீட்டினேன். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நம்மவர்கள் போலவே இருக்கிறாரே!” என்றார்.

உங்கள் வீட்டிலும், ஏன் எதற்கு என்று அறியாமலே செய்துவரும் வழக்கம் ஒன்று இருக்கக்கூடும். இன்றிரவு பெரியவர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.